ஓர் எலுமிச்சம்பழமும் எட்டாள் தட்டும்

செண்பகமாறன் என்றொரு ராஜா. கை தாராளம், கவனம் கொஞ்சம் மட்டு. யாராவது அவரைச் சிரிக்க வைத்தால் போதும், அரண்மனைத் தோட்டத்திலிருந்து ஒரு பழமோ பூவோ பரிசாகப் போய்விடும். வாங்கியவன் பாடுதான் திண்டாட்டம். பரிசு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். நிரப்பியதெல்லாம் கொண்டுவந்தவருக்கு இனாம். அந்த ஊர் வழக்கம் அப்படி.

பரிசு கொண்டுபோகும் அதிகாரி மலைக்கொழுந்து யோசித்தார். பரிசைப் பெரிதாக்க அவரால் முடியாது. தட்டைப் பெரிதாக்கலாமே. போன மாதம் அரண்மனை வைத்தியருக்கு ஒரு கொய்யாப்பழம் போனது, கட்டில் அகலத் தட்டில். வைத்தியர் இப்போது கஷாயத்தைக் கொட்டாங்கச்சியில் காய்ச்சுகிறார். அண்டா குண்டா எல்லாம் தட்டோடு போய்விட்டன.

இப்படியிருக்க, சபை விகடன் மருதப்பன் ஒருநாள் சேனாதிபதி தும்முகிற மாதிரி தும்மிக் காட்டித் தொலைத்தான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மருதப்பன் வீட்டுக்கு வந்து மூச்சு விடுவதற்குள் வாசலில் எட்டு ஆட்கள், தேர்ச்சக்கரம் போலொரு பித்தளைத் தட்டு, நட்டநடுவில் ஓர் எலுமிச்சம்பழம். பின்னால் விசிறிக்கொண்டே மலைக்கொழுந்து.

மருதப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான். வீட்டில் இருந்தது ஒரு குதிர் நெல். மழைக்காலம் முழுக்க அவனும் மனைவி அல்லியம்மையும் அதைத்தான் சாப்பிட வேண்டும். இந்தத் தட்டு அதை ஒரே வாயில் விழுங்கிவிடும். மலைக்கொழுந்தின் கண்ணும் குதிர் மேலேயே இருந்தது.

“ஐயா, தட்டில் எதை வைத்தாலும் உங்களுக்குத்தானே?” என்றான் மருதப்பன்.

“எனக்கேதான் ஓய்.”

“பிடிக்கவில்லை என்று திருப்பிவிட மாட்டீர்களே?”

“இனாமைத் திருப்பினால் ராஜாவையே அவமதித்த மாதிரி. சட்டுபுட்டென்று நிரப்பும்.”

மருதப்பன் எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளே வைத்தான். திரும்பி வந்து தட்டில் ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டான். இடப்பக்கம் இடம் மிச்சமிருந்தது. கண்ணைக் காட்டினான். அல்லியம்மை முறத்தோடு ஏறி உட்கார்ந்து அரிசி புடைக்க ஆரம்பித்தாள். கால்மாட்டில் இன்னும் ஒரு முழம் காலி. ஆட்டை அவிழ்த்து ஏற்றிக்கொண்டார்கள்.

நிரம்பிவிட்டது, தூக்கலாம் என்றான் மருதப்பன்.

மலைக்கொழுந்து மிரட்டினார், கெஞ்சினார், கடைசியில் ராஜாவிடமே நியாயம் கேட்கிறேன் என்று கிளம்பினார். எட்டுப் பேரும் முக்கி முனகித் தட்டைச் சபையில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

“என்னப்பா இது?” என்றார் ராஜா.

“இனாம் அரசே. எங்களையே இவருக்குக் கொடுத்துவிட்டோம். இனிமேல் இவர் வீட்டுச் சாப்பாடுதான்.”

பிறகு மலைக்கொழுந்தின் அதே மூக்குக் குரலில், இனாமைத் திருப்பினால் ராஜாவையே அவமதித்த மாதிரி என்றும் எடுத்துச் சொன்னான். தனக்குக் காலையில் ஆப்பம், பகலில் மோர்க்குழம்பு. அல்லியம்மைக்கு வெந்நீர்க் குளியல். ஆடு எதையும் தின்னும் என்றான். அது ஏற்கெனவே மலைக்கொழுந்தின் அங்கவஸ்திரத்தைப் பாதி தின்றிருந்தது.

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு வழி சொன்னார். “மலைக்கொழுந்து, இவர்களை இவர்கள் வீட்டுக்கே பரிசாகக் கொடுத்துவிடும்.”

மலைக்கொழுந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தாராளமாக,” என்றான் மருதப்பன். “ஆனால் பரிசு வந்தால் தட்டை நிரப்பி அனுப்ப வேண்டுமே அரசே. மறுபடியும் நாங்களேதான் ஏறிக்கொள்வோம்.”

அப்புறம் ராஜா சிரிப்பை அடக்கவில்லை. வைத்தியரின் அண்டாக்கள் அன்றே வீடு திரும்ப வேண்டும் என்றார். இனிமேல் பரிசுத் தட்டு உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். அந்தத் தட்டில் தாங்கள் அடங்க மாட்டோமே என்று மூவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து மருதப்பனுக்கு ஒரு முத்துமாலை பரிசாக வந்தது. உள்ளங்கைத் தட்டில் ஏந்தி வந்தவர் மலைக்கொழுந்தேதான். அல்லியம்மை மாலையை எடுத்துக்கொண்டு, வழக்கத்தை விடாமல், ஜாடியைத் திறந்து ஊறுகாயில் ஒரே ஒரு துண்டு வைத்தாள்.

அந்த எலுமிச்சம்பழம்தான். தட்டு நிரம்பிவிட்டது.