நிழலை நடந்து அளந்தவள்

கேளுங்கள், சின்னவர்களே. பெரியவர்களும் கேட்கலாம், தடையில்லை.

அநியாயம் நடந்தது அலரி என்ற பெண்ணுக்கு. ஓராண்டு வெயிலில் நின்று அவள் எழுதிய சுவடியைத் திதியன் என்பவன் வாங்கிப் பார்த்து, அப்படியே எழுதி, தன்னுடையது என்று கொடுத்துவிட்டான். அது போதாதென்று அவளையே திருடி என்று சபை சொல்லும்படி செய்தான். எந்தக் காலம் என்று கேட்டால், ராஜாக்கள் இருந்த காலம். அந்த ஊருக்கும் ஒரு ராஜா உண்டு. இந்தக் கதையில் அவருக்கு வேலை கிடையாது, அவர் அரண்மனையிலேயே இருக்கட்டும்.

கம்பத்தூரில் ஒரு கணிச்சாலை இருந்தது. வானத்தைப் பார்த்து நாளும் பருவமும் சொல்லக் கற்றுக்கொடுக்கும் இடம். அங்கே தேறியவருக்குக் கணி என்று பட்டம். கணி சொன்னால் வயலில் ஏர் பூட்டுவார்கள். கணி சொன்னால் மதகைத் திறப்பார்கள். கணி சொன்னால் கடலில் படகு இறக்குவார்கள்.

சாலையின் முற்றத்தில் ஐந்து ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவரும் ஓராண்டு முழுக்க, தினமும் உச்சிவேளையில் அந்தக் கம்பத்தின் நிழலை அளக்க வேண்டும். நிழல் எந்த நாளில் வளர்ந்து முடிகிறது, எந்த நாளில் இல்லாமலே போகிறது, எந்த நாளில் பக்கம் மாறுகிறது என்று தானே கண்டு எழுத வேண்டும். அதுதான் தேர்வு. அந்த ஆண்டு தேர்வுக்கு நின்றவர்கள் அலரியும் திதியனும் மட்டும்தான்.

அளப்பதற்குக் கோல் கிடையாது, கயிறு கிடையாது. குதிகாலும் விரலும் ஒட்டிக்கொள்ள, அடிமேல் அடிவைத்து நிழல் மேலேயே நடந்து எண்ண வேண்டும். கோல் தேயும், கயிறு தளரும், காலை யாரும் தொலைக்க முடியாது என்பது அந்தச் சாலைக்காரர்களின் எண்ணம். ஆசிரியர்கள் பார்ப்பதெல்லாம் மாணவர் கண்ட முடிவைத்தான். உள்ளே எழுதியிருக்கும் எண்களை அவர்கள் படிப்பதே இல்லை. ஆசிரியர்களுக்கு எப்போதும் நேரம் இருந்ததில்லை, பாருங்கள்.

அலரி ஒருநாள் விடாமல் நடந்தாள். மற்றவர்கள் பந்தியில் உட்கார்ந்து சூடாகச் சோறு சாப்பிடும் வேளையில் அவள் முற்றத்தில் நடந்தாள். ஆறிய சோறே அவளுக்குப் பழகிவிட்டது. சித்திரையில் கம்பத்துக்கு நிழலே இல்லாமல் போன அன்று, தனியாக நின்று கைதட்டிச் சிரித்தாளாம்.

திதியன் நடந்தானா? முதல் பத்து நாள் நடந்தான். அவன் அமைச்சரின் தங்கை மகன். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல ஞாபகசக்தி. வெயில்தான் ஆகாது. ஆண்டு முடிந்ததும் அலரியிடம் வந்தான்.

“ஒரே ஒரு நாள் குடு அலரி. நீ எப்படி எழுதியிருக்கன்னு சும்மா பாத்துட்டுத் தந்துடறேன்.”

“பாத்துக்க. நாளைக்குக் காலைல எனக்கு வேணும்” என்று கொடுத்தாள். கேட்டவனுக்குக் கொடுத்தது தப்பா? இல்லை. நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

அவன் மூன்று நாள் வைத்திருந்தான். திருப்பித் தரும்போது நன்றி சொன்னான், சிரித்தான், நலம் விசாரித்தான். அதற்குள் தன் சுவடியைச் சாலையின் சபையில் கொடுத்துவிட்டிருந்தான். அலரி தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன.

மாசி ஐந்தாம் நாள் சபை கூடியது. சாலையின் தலைவரான பெருங்கணி நடுவில் உட்கார்ந்தார்.

முதலில் இருவரையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னார். அலரி இரண்டு இடத்தில் நின்று யோசித்தாள். திதியன் நீரோட்டமாகச் சொன்னான். அடுத்து, சூரியன்மேல் சத்தியம் செய்யச் சொன்னார். இரண்டு பேரும் செய்தார்கள், சூரியன் இரண்டு பேரையும் ஒரே மாதிரி சுட்டது. பிறகு சாட்சி கேட்டார். திதியனுக்கு மூன்று நண்பர்கள் எழுந்தார்கள். அலரிக்கு ஒருவரும் எழவில்லை. அவள் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் அந்நேரம் பந்தியில் அல்லவா இருந்தார்கள்!

“முதலில் கொடுத்தது அவன். தடங்கல் இல்லாமச் சொன்னதும் அவன்” என்றார் பெருங்கணி. “அம்மா, நீதான் திருடி. உன் சுவடி அடுப்புக்குப் போகும். பொழுது சாயறதுக்குள்ள நீ சாலையை விட்டுப் போயிடணும்.”

ஓராண்டு போயிற்று. பட்டம் போயிற்று. அதோடு பெயரும் போயிற்று. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். அலரிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

“போறேன் ஐயா. போறதுக்கு முன்னாடி திதியன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு சுவடியிலயும் எண்ணெல்லாம் ஒண்ணா இருக்கே, எப்படி?”

திதியன் சிரித்தான். “இது ஒரு கேள்வியா அம்மணி? சூரியன் ஒண்ணு, கம்பம் ஒண்ணு, நிழலும் ஒண்ணு. எண்ணு மட்டும் ரெண்டாவா இருக்கும்?”

சபை தலையாட்டியது. பெருங்கணியும் தலையாட்டினார்.

“சரிதான். சூரியன் ஒண்ணுதான், கம்பம் ஒண்ணுதான், நிழலும் ஒண்ணுதான்” என்றாள் அலரி. “காலும் ஒண்ணா?”

தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“இன்னிக்கு மாசி அஞ்சு. போன வருஷம் மாசி அஞ்சுக்கு ரெண்டு சுவடியிலயும் பதினெட்டு அடின்னு எழுதியிருக்கு. அதே நாள், அதே கம்பம். உச்சிவேளையும் வந்தாச்சு. வாங்க, நடந்து பாத்துடுவோம்.”

எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். நிழல் வடக்கே நீண்டு கிடந்தது. அலரி கம்பத்தடியில் குதிகாலை வைத்தாள். அவள் எண்ணவில்லை, சுற்றி நின்றவர்கள் எண்ணினார்கள். பதினெட்டாவது அடியில் அவள் கட்டைவிரல் நிழலின் நுனியைத் தொட்டது.

அடுத்துத் திதியன். அவன் காலோ முறம் மாதிரி. பதினாலரை அடியில் நிழல் தீர்ந்துபோயிற்று.

“அன்னிக்கு நான் கொஞ்சம் நெருக்கி நடந்தேன்” என்றான்.

“குதிகால் விரல்மேல ஏறியா?” என்றாள் அலரி.

“இல்ல, இன்னிக்கு அவசரத்துல அகட்டி வெச்சுட்டேன்.”

“அப்ப மறுபடியும் நட. நாங்க காத்திருக்கோம்.”

நடந்தான். மறுபடியும் பதினாலரை. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“ஒரு வருஷத்துல கால் வளர்ந்திருக்கும்!” என்றான் கடைசியில்.

“மூணரை அடி நிழலைத் தின்னு வளர்ந்துதாக்கும்!” என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, முற்றமே சிரித்தது. சாட்சி சொன்ன மூன்று நண்பர்களும் சிரித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

பெருங்கணி சிரிக்கவில்லை. அலரியின் முன்னால் வந்து நின்றார். “நான் அவசரப்பட்டுட்டேன். எண்களைப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். மன்னிச்சுடும்மா.”

“என்னைத் திருடின்னு சபையில உக்காந்துதானே சொன்னீங்க ஐயா? அதே சபையில உக்காந்து இல்லேன்னு சொல்லுங்க.”

பிடிவாதக்காரி என்று நினைக்கிறீர்களா? நான் சரியான பேச்சு என்பேன். பெருங்கணியும் அப்படித்தான் நினைத்தார். எல்லாரையும் மறுபடி உள்ளே உட்காரவைத்து, உரக்கச் சொன்னார். அலரிக்குக் கணிப்பட்டம் கிடைத்தது. இனி ஆசிரியர்கள் எண்களையும் படிப்பார்கள் என்று சபை தீர்மானித்தது. அன்று அவளுக்குச் சுடச்சுடச் சோறு போட்டார்கள். அவளும் வயிறாரச் சாப்பிட்டாள்.

திதியனைத் துரத்திவிடலாம் என்றார்கள் சிலர். அலரி வேண்டாம் என்றாள். ஓராண்டு அவனே நடக்கட்டும், தன் காலால் நடந்து தன் எண்ணை எழுதட்டும் என்றாள். சபை ஒப்புக்கொண்டது.

ஆனால் திதியனுக்கு மனம் ஆறவில்லை. எழுந்து நின்று கேட்டான். “சூரியன் என்ன உன் சொத்தா? வானத்துல இருக்கறதைத்தானே எழுதின? அதைப் பாத்து நானும் எழுதினது அவ்வளவு பெரிய குத்தமா?”

அலரி பதில் சொன்னாள்.

“பாத்து எழுதினது குத்தமே இல்ல திதியா. அதுக்குத்தானே கேட்டதும் கொடுத்தேன். ‘இது அலரி அளந்தது’ன்னு ஒரு வரி எழுத உனக்கு ஓலையா இல்ல? அந்த வரி இருந்திருந்தா, எத்தனை அடின்னு சந்தேகம் வந்தவங்க என்கிட்ட வந்து கேட்டிருப்பாங்க. நீ அதை விட்டதால, நாளைக்கு உன்னை நம்பி ஏர் பூட்டறவங்க, அளந்தே பாக்காதவன்கிட்ட வந்து நிப்பாங்க. அடுத்தவங்க உழைப்பை எடுத்துக்கும்போது அவங்க பேரையும் சேர்த்தே எடுத்துக்கணும், அதுதான் படிச்சவங்களோட நேர்மை.”