கார்டு எப்பம் வாங்கணும், மிஸ்?

இதை எனக்கு முதலில் சொன்னது என் இளைய மகன் ஜெனிஷ். போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னான். அதற்கு முந்தின ஆகஸ்டில் லேப்டாப்பைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு ரெண்டு நாள் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு அலைந்தானாம். அவன் கண்முன்னால் நடந்தது.

நாகர்கோவிலில் அந்தக் கடையை வைத்திருப்பவள் செலின் என்றொரு பெண். முப்பது வயதுதான். முன்னே பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லாருக்கும் செலின் மிஸ். அவளிடம் தொழில் படிக்கிறவர் ததேயு. நாற்பத்தாறு வயது. பதினொரு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். அவர் அவளை மிஸ் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்றைக்கு ஒரு பேங்க்காரர் கிராபிக்ஸ் கார்டு கேட்டு வந்தார். கம்ப்யூட்டரில் பெரிய விளையாட்டெல்லாம் ஓட அந்தக் கார்டு வேண்டுமாம். எனக்கும் ஜெனிஷ் சொல்லித்தான் தெரியும்.

ததேயு அவரிடம் சொன்னார்: "இப்பம் வாங்காதீங்க சார். ரெண்டு மாசத்துல புதுசு வருது. இது விலை இறங்கும்."

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செலின் தலையைத் தூக்கினாள். "அண்ணே, இந்த வாரத்துல இது மூணாவது ஆளு. கடையை இழுத்துப் பூட்ட ஒரு நல்ல பூட்டு வாங்கிட்டு வாங்க. அதுக்காவது விலை இறங்கட்டும்னு நிக்காதீங்க."

"உள்ளதைத்தானே சொன்னேன் மிஸ்."

"உள்ளதுதான். நான் இல்லேன்னு சொல்லலையே."

ததேயு மேசையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை உருட்டினார். பிறகு கேட்டார்.

"மிஸ், நானும் ஒரு வருஷமா பாக்கேன். வாங்கலாம்னு போனா, புதுசு வருதுங்கான். புதுசு வந்தா, விலை இறங்கட்டும்னு இருக்கேன். இறங்குறதுக்குள்ள அடுத்தது வருது. எப்பம்தான் கார்டு வாங்கணும்?"

"யாருக்கு?"

"எனக்கும் மகளுக்கும். மஸ்கட்ல இருக்கும்போது ரெண்டு பேரும் போன்ல சேர்ந்து விளையாடுவோம். பாதியில நெட் போயிரும். ஊருக்கு வந்து பக்கத்துல பக்கத்துல உக்காந்து விளையாடலாம் மக்ளேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"மெஷின் இருக்கா?"

"இருக்கு. அங்கேயே சாமான் வாங்கிச் சேத்துக் கொண்டு வந்தேன்."

"எப்படி ஓடுது?"

ததேயு உருட்டின ஸ்க்ரூவை எடுத்து டப்பாவில் போட்டார்.

"நாளைக்குக் கொண்டாங்க," என்றாள் செலின்.

மறுநாள் ஆட்டோவில் வந்தது மெஷின். மகள் ஜெப்ரினா அதை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். பதினெட்டு வயது. நர்சிங் படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்திருந்தது. ஒன்பது நாளில் போகிறாள்.

செலின் ஸ்விட்சைப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது. நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

செலின் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இந்த பிராசசர் தானா படம் காட்டாதே. கார்டு போட்டாத்தானே திரை வரும்?"

"கார்டுதான் வாங்கப் போறோமேன்னு இதை வாங்கினேன் மிஸ். அது கொஞ்சம் விலை கம்மி. அப்பம் தொழில் தெரியாது."

"அப்போ இந்த ஒரு வருஷமா?"

ஜெப்ரினா சிரித்தாள். "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து ஆன் பண்ணுவோம் மிஸ். நானும் அப்பாவும் உக்காந்து ஃபேன் சுத்துறதைப் பாப்போம். மழை நேரத்துல அம்மா அது பின்னால சாக்ஸ் காயப் போடுவா. நல்லா காயும்."

"சும்மா இரு மக்ளே," என்றார் ததேயு. முகம் என்னவோ போல ஆகிவிட்டது.

செலின் எழுந்து போனாள். வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டக் கடையில் ஒரு மெஷின் வைத்திருந்தாள். அதை நிறுத்தி, திறந்து, உள்ளேயிருந்த கார்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நாலு வருஷப் பழசு. விசிறியில் தூசி. வாயால் ஊதி, துணியால் துடைத்து, ததேயுவிடம் நீட்டினாள்.

"மாட்டுங்க."

"மிஸ், இது உங்க கார்டு."

"எனக்குத் தெரியும். மாட்டுங்க."

மற்றவர்களுக்கு எத்தனையோ கார்டு மாட்டின கைதான். சொந்த மெஷினில் மாட்டுவது அன்றைக்குத்தான் முதல் தடவை. முதலில் கேபினட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டார்; உடம்பில் இருக்கிற மின்சாரம் கார்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று செலின் சொல்லிக்கொடுத்த வழக்கம். பிறகு கார்டை அமுக்கினார். டக்கென்று கொளுவியது. ஸ்விட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது.

"போச்சு," என்றார் ததேயு.

"எப்பா, திரைக்குப் போற கேபிளைப் பழைய இடத்திலேயே குத்தி வச்சிருக்கீங்க. கார்டுல குத்துங்க!" ஜெப்ரினாவே பிடுங்கி மாற்றிக் குத்தினாள்.

திரை வெளிச்சமானது. வந்தது வெறும் கம்பெனிச் சின்னம்தான். அதற்கே அந்தப் பிள்ளை கை தட்டியது. ததேயு திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றான் ஜெனிஷ்.

செலின் ஒரு பென்டிரைவைச் செருகினாள். "இனி விண்டோஸ் ஏத்தணும். அப்புறம் கேம். சாயந்தரம் வீட்டுக்குக் கொண்டு போயிரலாம். அண்ணே, நாளையிலிருந்து ஒன்பது நாளைக்கு நீங்க கடைக்கு வர வேண்டாம்."

"மிஸ், கடைக்கு வாறவங்களுக்கு ஓட்டிக் காட்ட?"

"வாயால சொல்லிக்கிறேன்."

ததேயு மெஷினை ஒருதரம் தடவிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"இது பழசுதானே மிஸ். இதைத் திருப்பித் தரணும்லா. அப்பம் நான் நல்ல கார்டு எப்பம் வாங்க?"

"பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த பிறகு, நிதானமா விலை பாருங்க அண்ணே. அப்போ உங்களுக்கு நேரம் நிறைய கிடக்கும்."

ததேயு மகளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டார்.

ஜெப்ரினா இப்போது கோயம்புத்தூரில்தான் படிக்கிறாள். அடுத்த மாசம் அவளுக்குப் பரீட்சை. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இன்றைக்குக் கும்பிடும்போது அவள் பேரையும் ஒருதரம் சொல்லுங்கள்.