விசில் ஊதினால் விருந்து

காட்டுப் பூங்காவின் அருவிக்கரையில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அதில் செம்பி என்ற மந்திக்கு அப்போதுதான் முதல் குட்டி பிறந்திருந்தது. எந்நேரமும் தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டி.

விடுமுறை நாட்களில் அருவிக்கு மக்கள் குளிக்க வருவார்கள். திடீரென்று காவலர் விசில் ஊதுவார். உடனே எல்லோரும் ஈரத்துணியோடு கரையேறி ஓடுவார்கள். பாறைமேல் புளிச்சோறும் முறுக்கும் அப்படியே கிடக்கும். குரங்குகள் இறங்கி அள்ளிக்கொண்டு வரும்.

"அவங்க எதுக்கு இப்படி ஓடறாங்க?" என்று ஒருநாள் செம்பி கேட்டது.

கூட்டத்தின் தலைவனான கடுவன் மார்பை நிமிர்த்தியது. "எல்லாம் என்னைப் பார்த்துத்தான்! நான் பல்லைக் காட்டினதும் அந்த ஆளு விசில் ஊதறான், பார்த்ததில்லையா?"

செம்பியும் நம்பியது.

அன்று காலையிலேயே மலையுச்சி கறுத்திருந்தது. விசில் வீறிட்டது. மக்கள் ஓடினார்கள்.

"இறங்குங்கடா, விருந்து!" என்று கடுவன் கத்தியது.

செம்பி பாறையில் கால் வைத்தபோது, எதிரே ஒரு நண்டு மூச்சுவாங்க மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றடியில் குஞ்சுகள் அப்பிக் கிடந்தன.

"எங்கே போறே?"

"தண்ணி கலங்கிடுச்சு, அக்கா! மேலே இருந்து சருகும் சேறுமா வருது. நீயும் ஏறிடு! பச்சைக்குட்டி வச்சிருக்கே!"

"பத்துக் காலிருந்தும் பயந்தாங்கொள்ளி!" என்று கடுவன் கீழிருந்து சிரித்தது. "செம்பி, வரலைன்னா இன்னிக்குப் பட்டினிதான்!"

செம்பி ஒரு கணம் தயங்கியது. பிறகு முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்தது. இறங்கியது.

பொட்டலத்தில் கை பட்டதும் மலையே உறுமியது. செந்நிற வெள்ளம் மரக்கட்டைகளோடு சரிந்து விழுந்தது. கடுவன் எல்லோருக்கும் முன்னே தாவி மரமேறிவிட்டது. செம்பி ஒரு கையால் ஆலம்வேரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் மார்பளவு வந்து அறைந்தது. குட்டியின் பிடி நழுவியது. "அம்மா!" என்றது ஒரே ஒருமுறை.

மாலையில் வெள்ளம் வடிந்தது. நண்டு மெல்ல இறங்கி வந்தது. செம்பி இன்னும் அதே வேரடியில் நனைந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா, குட்டி எங்கே?"

செம்பி இறுக மூடியிருந்த மற்றொரு கையை மெதுவாக விரித்தது.

அதில் முறுக்குப் பொட்டலம் இருந்தது.

பிறர் எதற்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்று அறியாமல், அவர்கள் விட்டுச் சென்றதை அள்ள இறங்குபவர் தம்மிடம் உள்ளதையும் இழப்பர்.