செங்காலி மறுத்த முள்ளுச் சங்கு

சிப்பி தரம் பிரிக்கும் வேலையில் இருந்த ரோசம்மாள் கொரேரா, 1981ஆம் ஆண்டு ஐப்பசியில், இரண்டு மூட்டைச் சிப்பியைப் பிரித்து முடிப்பதற்குள் சொன்ன கதை இது. பிற கரையூர்களில் கேட்ட வடிவங்களிலும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இவையே. முடிவு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது; அதைக் கடைசியில் காணலாம்.

ஓர் உப்பங்கழியின் ஓரத்தில் துறவி நண்டுகள் வாழ்ந்தன. இந்த நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. கடல் ஒதுக்கும் காலிச் சங்குக்குள் புகுந்து, அதைச் சுமந்தே திரியும். உடல் வளர வளர வேறு சங்கு தேட வேண்டும். பெயர்தான் துறவி, சங்கின் மேல் அவற்றுக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. கறுத்த பாறை ஒன்றின் மேல் கூடி, யார் சங்கு அழகு, யார் சங்கு மட்டம் என்று பேசுவதிலேயே பாதி நாள் கழிந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வெண்ணுரையார். பால் நிறத்தில், வழவழவென்று, மூன்று மடிப்புள்ள சங்கு அவருடையது. அவர் கொடுக்கை உயர்த்தினால் பேச்சு நிற்கும்.

செங்காலி என்ற நண்டுக்கு அந்த ஆண்டு பெருங்கவலை. அவள் வளர்ந்துவிட்டாள்; சங்கு வளரவில்லை. எவ்வளவு ஒடுங்கினாலும் இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வானத்திலோ செம்பருந்து நாள்தோறும் வட்டமிட்டது. கதவடைக்க முடியாத வீட்டில் அவளுக்கு உறக்கம் எப்படி வரும்?

ஒரு காலை, அலை ஒரு பெரிய சங்கை மணலில் உருட்டிவிட்டுப் போயிற்று. கரும்பழுப்பு நிறம். உடம்பெல்லாம் முள். வாய் மட்டும் இளஞ்சிவப்பு.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் உண்டு. காலிச் சங்கு ஒதுங்கினால், அதற்கு ஏற்ற பருமனுள்ள நண்டு முன்னே நிற்கும். அதற்கடுத்த பருமன் அதன் பின்னே. இப்படியே வரிசை நீளும். முதல் நண்டு புதுச் சங்குக்குப் போனால், அதன் பழையது இரண்டாம் நண்டுக்கு, இரண்டாவதன் பழையது மூன்றாம் நண்டுக்கு. முதல் நண்டு மறுத்தால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று முதலில் நின்றவள் செங்காலி. அவளுக்குப் பின்னே கட்டைக்காலியும் இன்னும் நான்கு பேரும் நின்றார்கள்.

புதுச் சங்கு கிடைத்தால் அதன் வாயில் கொடுக்கை விட்டு உள்ளளவு பார்ப்பது துறவி நண்டின் குலவழக்கம். செங்காலி அதைச் செய்யவில்லை. பாறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது எப்படி இருக்கு?"

"சங்கா அது?" என்றார் வெண்ணுரையார். "பலாப்பழம் நடந்து வாரது போல இருக்கும்!"

பாறையே குலுங்கிச் சிரித்தது. செங்காலி கூசிப் பின்வாங்கினாள்.

"மதினி, எனக்கு இடுப்பு ஒடியுது!" என்று கத்தினாள் கட்டைக்காலி. "பலாப்பழமோ பனம்பழமோ, உள்ள போங்க!"

"சிரிக்கிறாங்களே!"

"சிரிப்பு கடிக்குமா? பருந்துதான் கடிக்கும்!"

செங்காலி அசையவில்லை. வரிசை முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

மறுநாள் தொலைவிலுள்ள பவளத்திட்டிலிருந்து ஒரு பேராமை வந்தது. முள்ளுச் சங்கைக் கண்டதும் கண்களை அகல விரித்தது.

"அடேயப்பா! இதை மணலில் போட்டு வைத்திருக்கிறீர்களே! எங்கள் திட்டில் முள்ளில்லாத சங்குக்காரரை யாரும் விருந்துக்கே கூப்பிடுவதில்லை!"

சொல்லிவிட்டு ஆமை தன் வழியே போய்விட்டது.

"நேத்தே நெனச்சேன்" என்றார் வெண்ணுரையார். "ஒவ்வொரு முள்ளும் ஒரு கோபுரம்! சொன்னா உங்களுக்கு விளங்காதுன்னு பேசாம இருந்தேன்."

"கோபுரம்! கோபுரம்!" என்றன மற்ற நண்டுகள்.

செங்காலிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வரிசை மறுபடியும் கூடியது. அவள் பழைய சங்கிலிருந்து வெளியே வந்தாள். அதைப் பார்த்துக் கட்டைக்காலி வந்தாள். பின்னால் நின்ற நால்வரும் வந்தார்கள். ஓடில்லாத ஆறு மென்மையான உடல்கள் வெட்டவெளி மணலில் நெளிந்தன. செங்காலி ஒரு காலை முள்ளுச் சங்கில் வைத்தாள்.

பாறையில் புகழ்ச்சி இன்னும் ஓயவில்லை. வெண்ணுரையாரின் முகம் சுருங்கியது.

"எல்லாரும் மெச்சுற பொருள்ல என்ன அருமை இருக்கு?" என்றார். "நேத்து ஒருத்தரும் சீண்டல, அதுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. இன்னைக்குக் கண்ட கண்ட நண்டெல்லாம் புகழுது! ரசனை உள்ளவன் இனி அதைத் தொடமாட்டான்!"

"தொடமாட்டான்! தொடமாட்டான்!" என்றது பாறை.

செங்காலி வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"ஏளா, உள்ள போ!" கட்டைக்காலிக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "முதுகு வேகுது!"

"அண்ணாச்சி இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லட்டும்..."

அப்போது மணலில் ஒரு நிழல் விழுந்தது. செம்பருந்து!

கட்டைக்காலி பாய்ந்து செங்காலியின் பழைய சங்கில் புகுந்தாள். மற்ற நால்வரும் தத்தமக்கு முன்னால் இருந்த சங்குகளுக்குள் மறைந்தார்கள். பாறை வெறிச்சோடியது; வெண்ணுரையார் எந்த இடுக்கில் இருந்தார் என்பதே தெரியவில்லை. வெளியே நின்றவள் செங்காலி ஒருத்திதான். அவளுக்கு எஞ்சியிருந்ததும் ஒரே சங்குதான்.

யாரையும் கேட்காமல் பின்பக்கமாக உள்ளே நுழைந்தாள். கால்கள் அடங்கின. முதுகு நிமிர்ந்தது. பெரிய கொடுக்கை மடக்கி வாயை அடைத்தாள். இம்மி இடைவெளி இல்லை. 'இவ்வளவு பொருத்தமா! முதல் நாளே கொடுக்கை விட்டுப் பார்த்திருக்கலாமே!' என்று அந்த நடுக்கத்திலும் அவளுக்குத் தோன்றியது.

பருந்து சங்கைப் பற்றி மேலே தூக்கியது. பனையளவு உயரம்கூடப் போகவில்லை. "ஐயோ, என் கால்!" என்று அலறி விட்டுவிட்டது. சங்கு தொப்பென்று கழித் தண்ணீரில் விழுந்தது. பருந்து ஒற்றைக் காலை உதறிக்கொண்டே பறந்து போயிற்று.

செங்காலி கரையேறியபோது வெண்ணுரையார் பாறை உச்சியில் நின்றிருந்தார்.

"முள்ளுன்னா காவல்!" என்று முழங்கினார். "நான் முதல் நாளே சொல்லல?"

"சொன்னீங்க, அண்ணாச்சி" என்றாள் செங்காலி. "பலாப்பழம்னு சொன்னீங்க. இன்னும் ஏதாவது தோணினா சொல்லிக்கிட்டே இருங்க. எனக்கு ரொம்ப நாள் தூக்கம் பாக்கி."

கொடுக்கை மடக்கிக் கதவை அடைத்தாள். கட்டைக்காலி சிரித்த சிரிப்பில், அவளுக்குப் புது வீடாகிவிட்ட செங்காலியின் பழைய சங்கு மணலில் உருண்டது.

ரோசம்மாள் இதோடு நிறுத்தினார். வலை பின்னும் சூசை மச்சாது சொன்ன வடிவத்தில், மறுநாள் வெண்ணுரையார் முள்ளுச் சங்கைத் தமக்குக் கேட்கிறார். செங்காலி "அளந்து பாருங்க" என்று வழிவிட, அவர் கொடுக்கு வாயில் சிக்கி, ஆறு பேர் இழுத்து எடுக்க வேண்டியதாகிறது. தெற்கே ஒரு தீவில் வழங்கும் வடிவத்தில் பருந்து சங்கை அடுத்த கழியில் போடுகிறது, அங்கும் ஒரு பாறை, அதன் மேலும் ஒரு கூட்டம், "பலாப்பழம்!" என்று சிரிக்கிறது, செங்காலியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு உறங்கப் போகிறாள். மூன்று வடிவங்களும் சொல்லும் நீதி ஒன்றே: வேடிக்கை பார்ப்பவர்களின் கருத்து பொழுதுக்கொன்றாய் மாறும், குடியிருக்கப் போகிறவரே உள்ளளவு பார்த்து முடிவு செய்ய வேண்டும்.