மூடியில் வைத்த பொட்டு

ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தீவு. தீவில் ஒரு மடம். கரைக்குப் போக இருந்தது ஒரே படகு. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கலியமூர்த்தி பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். சீடர்தான் என்றாலும் மடத்துச் சுவாமியைவிட வயதில் மூத்தவர்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், மடத்தில் சமைக்கும் தையல்நாயகிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்கென்று படகில் ஏற்றினார் கலியமூர்த்தி. நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தபோது தையல்நாயகிக்கு மூச்சில்லை.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, அதே எஞ்சின் முதல் இழுப்பிலேயே ஓடியது. ஊருக்கு அது போதும். அவள் விதி அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. ஊர் எதையும் சீக்கிரம் பேசி முடித்துவிடும்.

கலியமூர்த்தியால் முடியவில்லை. சுவாமியிடம் வந்தார்.

"விதிதானா சாமி?"

"எனக்குத் தெரியலை. வாங்க, எஞ்சினைப் பாப்போம்."

துறைக்குப் போனார்கள். சுவாமி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். தண்ணீர் இல்லை, கசடு இல்லை. வடிகட்டியும் சுத்தமாக இருந்தது.

"பெட்ரோல் பழசா?"

"அன்னைக்குக் காலையிலதான் ஊத்தினேன். டேங்க் நிறைய."

அந்தத் துக்கத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சுவாமி எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஓடியது.

"பாத்தீங்களா? இப்ப ஓடுது."

"ஓடட்டும். உக்காருங்க."

உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் திணறியது. பிறகு நின்றது. கலியமூர்த்தி சட்டென்று எழுந்தார். அன்றைக்கும் இப்படித்தான் திணறிற்று.

சுவாமி டேங்க் மூடியைத் திருகித் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்தார். ஓடியது. மூடியை மறுபடி இறுக்கினார். சற்றைக்கெல்லாம் நின்றது.

மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமும் கெட்டியாகக் காய்ந்திருந்தன. சுவாமி நகத்தால் சுரண்டினார். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமென்றால் மேலே காற்று நுழைய வேண்டும். தாராளமாக நுழைய இருந்த வழி அது ஒன்றுதான். இறுக்கிய மூடியின் ஓரமாகக் கசிந்து நிரம்ப ஒரு ராத்திரி ஆகும்.

கலியமூர்த்தி அந்தத் துளையையே பார்த்தார்.

"மூடிதான் அதுக்கு நெத்தின்னு நினைச்சேன் சாமி."

அழுதார். சுவாமி தேற்றவில்லை.

"வச்சது நான்," என்றார் கலியமூர்த்தி.

"சந்தனம் அரைச்சுக் குடுத்தது நான்," என்றார் சுவாமி.

கலியமூர்த்தி மெல்லக் கேட்டார்.

"ஊரே விதின்னு சொல்லுது. நீங்களும் அப்படியே சொல்லிடக் கூடாதா சாமி?"

"சொல்லலாம். இன்னிக்கு ராத்திரி நம்ம ரெண்டு பேருக்கும் தூக்கம் வரும். அடுத்த பூஜைக்கும் பொட்டு அங்கேயேதான் விழும்."