தாண்டவராயர் கும்மியடித்த வெள்ளிக்கிழமை

“தாயே, குடி முழுகிப் போச்சு! செவ்வாய் பின்னால போறான்!”

மலையேறி வந்த மூச்சுகூட அடங்கவில்லை. அதற்குள் தாண்டவராயர் போட்ட கூச்சலில் சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு குரங்குகள் ஓடிப்போயின.

சுனையோரத்தில் தன் குடிசை வாசலில் வெள்ளையம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“பின்னாலயா? யாரு தள்ளினது?”

“விளையாடாதீங்க தாயே.”

வெள்ளையம்மைக்கு முப்பத்திரண்டு வயது. தாண்டவராயருக்கு ஐம்பத்தெட்டு. சுற்றுவட்டாரத்தில் பதினெட்டு ஊருக்கும் பஞ்சாங்கம் கணித்துக் கொடுக்கிற கணியர் அவர். இடுப்பில் எப்போதும் ஒரு சோழிப்பை தொங்கும். சோழிகளைப் பரப்பி, எடுத்து, வைத்து, கிரகணம் எந்த நாழிகையில் பிடிக்கும், எந்த நாழிகையில் விடும் என்று சொல்லிவிடுவார். ஒரு விநாடி பிசகாது.

அப்பேர்ப்பட்டவர் ஏழு வருஷமாக இந்தச் சின்னப் பெண்ணைத் ‘தாயே’ என்று கூப்பிட்டுக்கொண்டு மலையேறுகிறார். அவர் கேட்ட கேள்வி எதற்கும் அவள் நேராகப் பதில் சொன்னதே இல்லை. ஆனால் கேட்டுவிட்டு இறங்கும்போது மனசு லேசாக இருக்கும், பாதி வழியில் சிரிப்பு வந்துவிடும். அதற்காகவே வருகிறார்.

இன்றைக்குச் சிரிப்பு வரும்போல இல்லை.

“என் பொண்ணு செங்கமலத்துக்குப் பொன்னுரங்கத்தைப் பேசி முடிச்சேனே,” என்றார்.

“வைத்தியம் பாக்கற பையன். நல்ல பையன்.”

“தங்கமான பையன். முதல்ல ஆடி வந்துச்சு, தள்ளி வெச்சேன். அப்புறம் கிரகணம் வந்துச்சு, தள்ளி வெச்சேன். இப்போ முகூர்த்தம் குறிக்கலாம்னு சோழியைப் போட்டா, செவ்வாய் திரும்பிட்டான். போன மாசம்வரைக்கும் முன்னால போனவன், இப்போ பின்னால போறான். செவ்வாய் பின்னால போறப்ப கட்டிக் கொடுத்தா பொண்ணு வாழ்க்கை என்ன ஆகும்? அதுவும் பின்னாலதானே போகும்?”

“தள்ளி வைங்க.”

“வைக்க முடியாது! பையனோட அம்மா காத்தாயி ஆள் விட்டிருக்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, கும்மிக்களத்துக்கு வெத்திலைத் தட்டோட வருவாளாம். வாங்கினா சம்பந்தம். வாங்கலைன்னா அதே தட்டு அங்கிருந்து நேரா மேலத்தெருவுக்குப் போகுமாம், வேற பொண்ணு வீட்டுக்கு.”

“செங்கமலம் என்ன சொல்றா?”

“அவ ஒண்ணும் சொல்லல.”

“கேட்டீங்களா?”

தாண்டவராயர் சோழிப்பையைத் தடவினார். “கணக்குப் பாத்தேன்,” என்றார்.

அப்புறம் ஓரடி கிட்டே வந்தார். “எனக்கு ஒரே பொண்ணு தாயே. தாயில்லாம வளந்தவ. அவ ஒரு அடி பின்னால போறதைக்கூட என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க.”

வெள்ளையம்மை கீரைக்காம்புகளை உதறிவிட்டு எழுந்தாள். பொழுது சாய்ந்து, கிழக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

“செவ்வாய் எங்க இருக்கான், காட்டுங்க.”

“மிதுனத்துல இருக்கான். பதினோராவது…”

“கணக்குல இல்ல. கையை நீட்டிக் காட்டுங்க.”

இதில்தான் மனிதர் மாட்டிக்கொண்டார். நாற்பது வருஷமாகச் செவ்வாயின் போக்கைக் கணிக்கிறார். எல்லாம் வீட்டுக் கூடத்தில், குனிந்த தலையோடு. ஒருநாளாவது வெளியே வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறாரா என்றால், எதற்குப் பார்க்கணும்? சோழியிலேதான் எல்லாம் இருக்கிறதே!

ஆனாலும் விட்டுக்கொடுப்பாரா? செவ்வாய் சிவப்பு, இந்நேரத்துக்குக் கிழக்கே உதிக்கணும். கண்ணை இடுக்கிப் பார்த்தார். கிழக்கே சிவப்பாக ஒன்று மினுக்கியது.

“அதோ!” என்று கம்பீரமாகக் கையை நீட்டினார்.

“அது நம்ம மாயாண்டி ஆட்டுக்கிடைல மூட்டின நெருப்பு.”

தாண்டவராயருக்கு முகத்தில் அசடு வழிந்தது. வெள்ளையம்மை அவர் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள். ஏரிக்கரையில் வரிசையாக எட்டுப் பனைமரங்கள் நின்றன. அவற்றுக்கு மேலே, செம்மண் நிறத்தில், அசையாமல் ஒரு புள்ளி.

“இவனா?” என்றார் தாண்டவராயர். நாற்பது வருஷம் பழகியவனை முதல்தடவையாக நேரில் பார்க்கிறார். “இவ்வளவு அழகா இருக்கானே!”

“நாளைக்குச் செங்கமலத்தைக் கூட்டிக்கிட்டு சீக்கிரமே களத்துக்கு வாங்க,” என்றாள் வெள்ளையம்மை. “முழங்கால் எப்படி இருக்கு?”

“முழங்காலா? நல்லாத்தான் இருக்கு. ஏன்?”

அவள் கீரைமுறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மலையடிவாரத்துக் களத்தில் பெண்கள் அங்கொருத்தி இங்கொருத்தியாக நின்றார்கள். தாண்டவராயர் புளியமரத்தடியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி வந்துவிட்டாள். தட்டும் வந்துவிட்டது. அவரைப் பார்த்து, “என்ன அண்ணே, கும்மி முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள், ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை.

வெள்ளையம்மை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போன ஐப்பசியில ஒண்ணு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? விண்மீன் எப்படிப் பிறக்குதுன்னு.”

“கேட்டேன். நீங்க ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்து ‘தின்னுங்க’ன்னீங்க.”

“அன்னைக்குக் கும்மி இல்ல. இப்போ பாருங்க.”

தாண்டவராயர் பார்த்தார். களத்தின் நடுவில் இரண்டு பெண்கள் சேர்ந்து நின்று ஏதோ பேசினார்கள். இரண்டு பேர் பேசுகிற இடத்துக்கு மூன்றாவது ஆள் வராமல் இருப்பாளா? வந்தாள். மூன்று பேரைப் பார்த்து ஆறு பேர் வந்தார்கள். கூட்டம் பெருக்கப் பெருக்க, தூரத்தில் நின்றவளுக்கும் கால் நிற்கவில்லை. ஓடிவந்தார்கள். நடுவில் ஒரே நெரிசல்.

“அடியே, மிதிக்காதீங்கடி! வெந்துபோறேன்!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அந்த நெரிசலுக்கு நடுவில், குபுக்கென்று ஒரு வெளிச்சம். ஐந்துமுகக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டார்கள். குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

“அவ்வளவுதானா?” என்றார் தாண்டவராயர்.

“அவ்வளவுதான். அங்கே புகையும் தூசியும் சேருது, இங்கே இவளுக.”

“இங்கே ஒரு கை விளக்கை ஏத்துச்சு. அங்கே ஏத்தறது யாரு?”

“யாரும் வேண்டாம். நெருக்கம் தாங்காம சூடேறி, நடுவுல தானே பத்திக்கும்.”

தாண்டவராயர் வாயைப் பிளந்தார். சற்றுநேரம் தட்டுகூட மறந்துபோயிற்று. “அப்போ உள்ள நுழைய முடியாம விளிம்புலயே சுத்திக்கிட்டு இருக்காளுகளே, அவங்க?”

“அவங்கதான் இனிமே ஆடப்போறாங்க. எழுந்திரிங்க.”

“நானா?”

“நீங்கதான். உள்வட்டத்துல ஒரு ஆள் குறையுது.”

“தாயே! கும்மியா? பதினெட்டு ஊர்ப் பஞ்சாங்கமும் என் இடுப்புல தொங்குது!”

“அதுவும் ஆடட்டும்.”

சொன்னால் கேட்கிற ஆளா அவள்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்வட்டத்தில் நிறுத்திவிட்டாள். பெண்கள் ‘ஓ’வென்று சிரித்தார்கள். ஒருத்தி அவர் மேல்துண்டை வாங்கி இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

விளக்கைச் சுற்றி இரண்டு வட்டம். உள்வட்டத்தில் இருப்பவர்கள் கைதட்டிக் குதித்து வேகமாகச் சுற்றுவார்கள். வெளிவட்டத்தில் இருப்பவர்கள் தலையில் முளைப்பாரி வைத்திருப்பார்கள். முளைவிட்ட நவதானியச் சட்டி, ஆடினால் கொட்டிவிடும். அதனால் நிதானமாக, அடிமேல் அடி வைத்து நடப்பார்கள். இரண்டு வட்டமும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், வலமாக.

செங்கமலம் வெளிவட்டத்தில் முளைப்பாரியோடு நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“கணியரே,” என்று வெள்ளையம்மை சொன்னாள். “காலு ஆடட்டும். கண்ணு மட்டும் உங்க பொண்ணு மேலயே இருக்கட்டும். அவளுக்குப் பின்னால, தூரத்துல, ஏரிக்கரைப் பனை எட்டு இருக்கு பாருங்க. வடகோடிப் பனை ஒண்ணு. அவ எந்தப் பனைக்கு நேரா தெரியறாளோ, அந்த எண்ணைச் சத்தமா சொல்லிக்கிட்டே வாங்க.”

எண் என்றதும் மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது. எண்ணுவதில் அவரை மிஞ்ச யார் இருக்கிறார்கள்?

தட்டினார்கள். தாண்டவராயர் தட்டினார். முதல் சுற்றில் காலும் கையும் ஒன்றோடொன்று சேராமல் இழுபறி. செங்கமலம் எங்கோ எதிர்ப்பக்கம் இருந்தாள். இரண்டாவது சுற்றில் தாளம் பிடிபட்டது. இடுப்பில் சோழிகள் கலகலவென்று அதே தாளத்தில் குலுங்கின. அட, நன்றாகத்தான் இருக்கிறது! செங்கமலத்தின் அம்மா இருந்தபோது இதே களத்தில் ஆடுவாள். அவர் அதைப் பார்க்க வந்ததே இல்லை, வீட்டில் கணக்கு இருந்தது. அந்த நினைப்பு ஒரு நொடி சுருக்கென்றது. அவர் இன்னும் பலமாகக் கையைத் தட்டினார்.

மூன்றாவது சுற்றில் செங்கமலம் கிழக்குப் பக்கம், அவருக்கு நேர் முன்னால் வந்தாள். பின்னால் பனைகள் சாய்வெயிலில் மஞ்சளாக நின்றன.

“மூணு!” என்று கத்தினார் தாண்டவராயர். “நாலு!”

தட்டு, குதி, தட்டு.

“அஞ்சு! அஞ்சு… இன்னும் அஞ்சுதான்…”

தட்டு, குதி.

“நாலு!”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கால் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“மூணு! ஐயோ, மூணு! அடி செங்கமலம்! ஏண்டி பின்னால போறே?”

கும்மிச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் கேட்டது. காத்தாயிகூட தட்டோடு எழுந்து நின்றுவிட்டாள்.

செங்கமலம் நிற்கவில்லை. முளைப்பாரி ஆடாமல், அடுத்த அடியை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

“நானா? நான் ஒரு அடிகூடப் பின்னால வைக்கலப்பா. நீங்கதான் அவசரமா என்னைத் தாண்டிப் போறீங்க.”

தாண்டவராயர் அப்படியே நின்றார்.

பின்னால் வந்த பெண் அவர்மேல் மோதினாள், அவளுக்குப் பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள். சோழிப்பை அறுந்து, சோழிகள் களமெங்கும் சிதறின. யாரும் பொறுக்கவில்லை. அவரும் பொறுக்கவில்லை.

தன் காலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் அதே நிதானத்தோடு நடந்துகொண்டிருந்தாள். அவர் நின்றுவிட்டதால், அவளுக்குப் பின்னால் பனைகள் முறையாக மாறின. நாலு. ஐந்து. ஆறு.

“தாயே…” என்றார். “நேத்து நாம பாத்தோமே செவ்வாய்… அவனும் பின்னால போகலையா… நாம நிக்கிற இந்த மண்ணு… இதுவும் சூரியனைச் சுத்துதா? உள்வட்டத்துலயா?”

வெள்ளையம்மை கைதட்டிக்கொண்டிருந்தாள். “வழியை மறிக்காதீங்க கணியரே,” என்றாள்.

தாண்டவராயர் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, ஊரே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். அப்புறம் மகளுக்குப் பக்கத்தில் ஓடி, அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, கூடவே நடந்தார்.

“செங்கமலம். உனக்குப் பொன்னுரங்கத்தைப் பிடிச்சிருக்காம்மா?”

முளைப்பாரிக்குக் கீழே அவள் முகம் சிவந்தது.

“இப்பத்தான் கேக்கறீங்க,” என்றாள். “பிடிச்சிருக்குப்பா.”

தாண்டவராயர் களத்துக்கு மறுபக்கம் பார்த்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கத்தினார்:

“காத்தாயி! தட்டை எடுத்துக்கிட்டு இங்க வாம்மா! ஓடிவராதே, நடந்தே வா. நாங்க இங்கதான் இருக்கோம்!”