சூறைக்காத்தானின் முகம்

கோணக்குப்பம் கலியமூர்த்தியின் பொம்மைப் பட்டறையில் களிமண் இருந்தது, அச்சு இருந்தது, வர்ணம் இருந்தது. யோசனைக்கும் பஞ்சமில்லை, வினையே அதுதான். அவருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர், தொப்புளான், சிங்காரம். மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். போன வருஷம் ஒருவர், "என் பையன் மாதிரியே ஒரு கிருஷ்ணர் வேணும்" என்று கேட்டதற்கு, மூக்குக்கண்ணாடியும் பள்ளிக்கூடப் பையும் மாட்டி அனுப்பினார்கள்.

அன்றைக்கே கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலாட்சி சொல்லிவிட்டாள்: "இன்னொரு ஆர்டரைக் கெடுத்தீங்கன்னா, பட்டறையைப் பூட்டிட்டு எங்க அண்ணன் பஞ்சர் கடைக்குப் போயிடணும்." மச்சானுக்கு முன்னால் கைகட்டி நின்று டியூபுக்குக் காற்றடிப்பதை நினைத்தாலே மனுஷன் சுத்தமாக இருக்கிற அச்சை இன்னொரு தடவை துடைத்து வைப்பார்.

இந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து சுதாகர் என்ற பொம்மைக் கடைக்காரர் வந்தார். அவருக்கு வேண்டியது சாமி பொம்மை இல்லை. அவரே கற்பனை செய்த சூப்பர் ஹீரோ, பெயர் சூறைக்காத்தான். பொம்மை சேகரிக்கிறவர்களுக்காக நூறே நூறு உருப்படி.

"எட்டு மாடிக் கட்டடத்தை ஒத்தைக் கையில தூக்குவான். பறப்பான். முகமூடி கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும். முக்கியமா, முகமூடிக்குள்ள இருக்கிறது யாருன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார் சுதாகர்.

முதல் பொம்மை காய்ந்ததும் அதன் தூக்கிய கையில் சிங்காரம் அம்மிக் குழவியை வைத்துப் பார்த்தான். பொம்மை தூளாகிவிட்டது.

"பலம் பத்தலையேடா" என்று கலியமூர்த்தி கவலைப்பட்டார்.

"அண்ணே, கட்டடம் தூக்குவான்னுதான் அவரு சொன்னாரு. குழவி தூக்குவான்னு எங்க சொன்னாரு?" என்றான் தொப்புளான்.

எல்லோருக்கும் மனசு ஆறியது. கோணக்குப்பத்தில் எட்டு மாடிக் கட்டடம் இல்லாததால் சோதனை அத்தோடு நின்றது.

அடுத்தது முகம். அந்தப் பட்டறை வழக்கப்படி உடம்புக்குத்தான் அச்சு. மூக்கும் வாயும் கையால் ஒட்டி, கடைசியாக நல்ல நேரம் பார்த்து, சூடம் ஏற்றிக் கண் திறப்பார்கள். களிமண்ணைக் கையில் எடுத்த கலியமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், உலகத்துல ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னாரே. நாம உலகத்துல சேர்த்தியா?"

சூடம் பாட்டுக்கு எரிந்து அணைந்தது.

"நான் சேர்த்திதாண்ணே," என்றான் சிங்காரம். "ரேஷன் கார்டுல பேரு இருக்கு."

காபி கொண்டுவந்த அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றாள். உள்ளே மூன்று பேரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு முகம் செய்துகொண்டிருந்தார்கள். தொப்புளான் தன் மூக்கைத் தடவி அளவெடுத்து, பொம்மையில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே ஒட்டினான். காபியை அவளே குடித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். "கடைக்கு ஒரு நீலச் சட்டை தெச்சு வைண்ணே. இடுப்பு கொஞ்சம் பெருசு."

வெளியீட்டு விழா சென்னையில் நடந்தது. மேடையில் சுதாகர் ஒரு பெட்டியைப் பிரித்து, பொம்மையின் முகமூடியைக் கழற்றினார். நம் ஆட்கள் மூவரும் நாணயமாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பொம்மையின் மூக்கு நெற்றியில் இருந்தது. ஒரு கண் தாடையில், இன்னொன்று கழுத்தில். வாய் காதோரம் சிரித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மூடிய கண்ணோடு உட்கார்ந்திருந்த கலியமூர்த்திக்குப் பஞ்சர் ஒட்டும் பசையின் வாசம் அங்கேயே அடித்தது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அடேயப்பா! பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாதே! ரகசியம்னா இதுதான் சார் ரகசியம்!"

பொம்மைகள் விற்றுப் பறந்தன. சுதாகர் ஓடிவந்து கலியமூர்த்தியைக் கட்டிக்கொண்டார். "இன்னும் நூறு வேணும். இம்மியும் மாறாம இதே மாதிரி!"

"எந்த மாதிரி சார்? நாங்க பார்த்ததே இல்லையே."

சுதாகர் விழுந்து விழுந்து சிரித்தார். மிச்சமிருந்த ஒரே பெட்டியைக் கொடுத்து, "இதைப் பார்த்துச் செய்ங்க. பிரிச்சிடாதீங்க, பிரிச்சா மதிப்பு போயிடும்" என்றார். வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன பேச்சு அது.

பட்டறையில் மூவரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பிரிக்காம எப்படிண்ணே அதே மாதிரி செய்யறது?" என்றான் தொப்புளான்.

"இதைப் பார்த்துச் செய்யச் சொன்னாரு. பார்த்தா என்னடா தெரியுது?"

"பெட்டிதாண்ணே தெரியுது."

"அப்போ அதைச் செய்."

இம்மியும் மாறாமல் செய்தார்கள். அதே வர்ணம், அதே எழுத்து, நசுங்கிய மூலை, சிங்காரத்தின் பெருவிரல் கறைகூட விடுபடவில்லை. நூறு பெட்டிகள். உள்ளே காற்றைத் தவிர வேறில்லை.

அத்தனையும் விற்றன. வாங்கியவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்களே தவிர, பிரிப்பார்களா? பஞ்சர் கடை மச்சானே ஒன்று வாங்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினார். நீலச் சட்டையை அவரே போட்டுக்கொண்டார்; இடுப்பு தொளதொளவென்று இருந்தது.

சுதாகர் போனில் கூப்பிட்டார். "முதல் தடவை பெட்டியை ஆட்டினா கடகடன்னு கை கால் உடைஞ்ச சத்தம் வந்துச்சு. இந்தத் தடவை ஒண்ணுகூட உடையலை! எடையும் கிடையாது. பறக்கிறவன்னா இப்படித்தான் இருக்கணும்! எப்படிங்க செஞ்சீங்க?"

கலியமூர்த்தி பெருமையோடு தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தடவை கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுச் செஞ்சோம் சார்."